குரல் மாறிய குண்டுமணி

வேல்சாமியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் யோகேஸ்வரனைத் திட்டத்தான் வருகிறது. திட்டிக்கொண்டே தொடங்கினால் ஒரு நல்ல மனிதரின் கதை சண்டைக் கதையாகிவிடும். அதனால் அந்த ஆள் வந்து சேருகிற இடம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வந்த பிறகு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ஹுமைரா. ஊர் கீழக்கரை. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். நான் இங்கே வீட்டிலிருந்தபடியே பழைய சாமான் விற்கிறேன். பர்மாத் தேக்குப் பெட்டி, கப்பல் விளக்கு, சீனத்துப் பீங்கான் என்று எங்கள் ஊர்ப் பரண்களில் கிடப்பதைப் படம் பிடித்துப் போட்டால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் விலை கேட்கிறார்கள். அவர்கள் அதிகம் கேட்பது பீரங்கிக் கூடு. பீரங்கி வெடித்தால் குண்டு பறந்துவிடும். மருந்து அடைத்திருந்த பித்தளைக் கூடு மட்டும் பின்னால் விழும். சண்டை ஓய்ந்த பிறகு ரங்கூனிலும் கொழும்பிலும் அதை எடைக்குப் போட்டு விற்றிருக்கிறார்கள். எங்கள் பாட்டன்மார் வாங்கி வந்து கூடத்தில் வைத்துப் பூச்செண்டு செருகினார்கள், குடை செருகினார்கள். எங்கள் உம்மா வீட்டில் ஒட்டடைக் கம்பு செருகியிருந்தது. ஆளைக் கொல்லச் செய்த சாமான் எங்கள் வீட்டில் ஒட்டடைக் கம்பைத் தாங்கிக்கொண்டு நின்றதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

நிற்க வைத்ததெல்லாம் நின்றுகொண்டே இருக்குமா? கீழே விழும், பிள்ளைகள் உருட்டும், வீடு இடிக்கும்போது மேலே கல் விழும். வாய் நசுங்கி, விலாவில் ஒடுக்கு விழுந்து, சில கூடுகள் மிதித்த தகரடப்பா மாதிரி வந்து சேரும். அவற்றை மறுபடி வட்டமாக்குகிறவர் வேல்சாமி. என் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறேன். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்கும் என்பதால் கடல் பக்கம் ஒரு சன்னல்கூட வைக்கவிடவில்லை. வெயில் காலத்தில் உள்ளே போனால் அடுப்புக்குள் போன மாதிரி இருக்கும். அவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

கூடு கைக்கு வந்ததும் முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். வெடித்த தழும்பு அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடமாட்டார். பிறகு விரல் கணுவால் சுற்றிலும் தட்டிக் காது கொடுப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் கரகரக்கும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒடுக்கைப் பார்ப்பார். நீளமான இரும்புத் தண்டின் நுனியில், உருட்டிச் செதுக்கிய புளியங்கட்டையைப் பொருத்தித் தண்டை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்குவார். கூட்டை அதன்மேல் மாட்டி ஒரு கையால் அழுத்தினால் உள்ளே இருக்கிற கட்டை பள்ளத்தை மேலே தள்ளும். வெளியே மேடேறி நிற்கிற விளிம்பை மறுகையால், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார். சுற்றிச் சுற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டும். நடுவில் ஒரு அடி அடித்துவிட்டாலும் பித்தளை மெலிந்து கிழிந்துவிடும்.

அவசரக்காரர்கள் நெருப்பில் காய்ச்சுவார்கள். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்ட பித்தளை சொன்ன பேச்சு கேட்கும். பூச்செண்டு வைக்க அது போதும். ஆனால் காய்ச்சிய கூட்டை அப்புறம் தட்டினால் ‘டொக்’ என்றுதான் சொல்லும். அந்தக் கணீர் திரும்பி வராது. மேலே படிந்த கருப்பும் போய்விடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தக் கருப்புத்தான் உயிர். நாம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பினால் அழுதுவிடுவார்கள். அதனால் வேல்சாமி நெருப்புப் பக்கமே போவதில்லை.

அவருடைய ஊர் அபிராமத்துக்குத் தெற்கே, கருங்காலேந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அய்யாவும் அம்மாவும் பெரியவீட்டு வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பரமக்குடிக்கு வந்து, கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் விடுகிற கடையில் சேர்ந்தார். பந்தி முடிந்து அண்டாவும் தவலையும் அடிபட்டுத் திரும்பி வரும். ஒடுக்கு எடுக்க வேண்டும். “பரமக்குடில ஒரு கல்யாணம் விட்டதில்ல தங்கச்சி. ஆனா பொண்ணு மாப்பிள்ளய ஒருநாளும் பாத்ததில்ல” என்பார். வாய் நசுங்கிய ஒரு கூட்டோடு நான் அந்தக் கடைக்குப் போனதில் தொடங்கியது எங்கள் பழக்கம். பிறகு மனைவி மாரிச்செல்வியோடு கீழக்கரைக்கே வந்து வாடகை வீட்டில் குடியேறிவிட்டார்.

அம்மா மட்டும் வரவில்லை. இருளம்மாள் என்று பெயர். அய்யா இறந்த பிறகும் அதே ஊரில், அதே ஒற்றை அறை வீட்டில், அதே பெரியவீட்டு வயலில் களையெடுத்துக்கொண்டு தனியாக இருந்தார். எத்தனை கூப்பிட்டும் அசையவில்லை. வேல்சாமிக்கு அந்த ஊரில் நிலம் கிடையாது, ஓட்டும் அம்மாவும்தான் உண்டு. அவரைப் பற்றி ஊர் எதைப் பேசினாலும் அது அம்மாவின் காதில்தான் போய் விழும். தன்னை வைத்து அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பயம், ஆசை எல்லாம்.

அந்த ஊர் அய்யனார் கோயில் வாசலிலும் ஒரு பீரங்கிக் கூடு தொங்கியது. பெரியவீட்டு முன்னோர் ஒருவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. கப்பல் பீரங்கிக் கூடு. முழங்காலுக்கு மேல் வரும். அடித் துளையில் சங்கிலி கோத்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, கோலால் அடிப்பார்கள். குண்டில் செய்த மணி என்பதால் ஊரில் அதற்குக் குண்டுமணி என்று பேர். “எங்க ஊருல ஒரு குண்டுமணி இருக்கு, ரெண்டு கையால தூக்கணும்” என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்களாம். கண்மாய் மடை திறக்கிற அன்றும், அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து வருகிற புரவி எடுப்பு அன்றும் அடித்தால் அடுத்த ஊர்க் கரை வரைக்கும் கேட்கும். அடிக்கிற உரிமை பெரியவீட்டுக்கு. வேல்சாமியின் அய்யா காலமெல்லாம் அந்த வாசலைக் கூட்டியிருக்கிறார், மணியைத் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

சரி, யோகேஸ்வரன் வந்துவிட்டார்.

பெரியவீட்டுப் பிள்ளை. வேல்சாமியைவிட வயதில் இளையவர். சின்ன வயதில் “ஏலே வேலு, மாட்ட அவுத்து விடுறா” என்று கூப்பிட்டவர். இப்போது மதுரையில் மனை வாங்கி விற்கிறார், ஊரில் கோயில் கமிட்டித் தலைவர். ஒருநாள் காலை என் வீட்டு வாசலில் கார் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வியர்த்து ஒழுகக் கொட்டகைக்குள் வந்து நின்றார்.

“வேல்சாமியண்ணே, சௌக்கியமா இருக்கீகளா?”

வேல்சாமி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் பொழுது விடிந்தால் பொழுது போனால் அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். பாதி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த வாயிலிருந்து வந்த ஒரு அண்ணேக்கு மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“நம்ம குண்டுமணி விழுந்துருச்சுண்ணே. சங்கிலி அந்து கல்லுமேல விழுந்து, விலாவுல பெரிய ஒடுக்கு. ஊருல பேசுனோம். வெளியாளுகிட்ட எதுக்குக் குடுக்கணும், நம்ம இருளம்மா மகன் இருக்கைல?”

“நானாங்க?”

“நீங்கதேன். செஞ்சு முடிச்சு மொத அடியும் நீங்கதேன் அடிக்கணும். கமிட்டில சொல்லிட்டேன்.”

காரிலிருந்து இறக்கிய மணியை வேல்சாமி இரண்டு கையாலும் வாங்கினார். உடனே தட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார். யோகேஸ்வரன் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: “தேச்சுக் கீச்சுறாதீகண்ணே. கருப்பு அப்படியே இருக்கட்டும்.” எந்த ஊர்க் கோயில்காரராவது பித்தளையைத் தேய்க்காதே என்று சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சாமி சாமான் என்றால் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வேண்டும் நம் ஆட்களுக்கு. கருப்பு வேண்டும் என்று கேட்கிறவர்கள் என் வாடிக்கையாளர்கள் மட்டும்தான். அப்போது அது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ‘அண்ணே’ போட்ட சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டார். “அம்மா, மணி நம்ம கைக்கு வந்துருச்சும்மா.” அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னார் என்று தெரியாது. இவர் போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் முழுக்க வேறு வேலை தொடவில்லை. அந்த வளைவுக்கென்றே புதிதாக ஒரு கட்டை செதுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார், மறுபடி மாட்டுவார். முதலில் தொண்டை கட்டியவர் பேசுவது மாதிரி இருந்த சத்தம் நாளுக்கு நாள் தெளிந்தது. கடைசி நாள் கொல்லை வேப்பங்கிளையில் கட்டி ஒரே ஒரு அடி அடித்தார். அந்தச் சத்தம் எழுந்து, எங்கள் தெருவைத் தாண்டிப் போய், போன பிறகும் கொஞ்ச நேரம் காதில் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நஃபீசா, “என்ன ஹுமைரா, உங்க கொல்லைக்குக் கப்பல் வந்துருச்சா?” என்று கேட்டாள். மாரிச்செல்வி முந்தானையால் மணியைத் துடைத்துவிட்டு, “இது அத்தைக்கு அங்கனயே கேட்டுருக்கும்” என்றாள்.

புரவி எடுப்புக்கு முதல் நாள் யோகேஸ்வரன் வந்து, மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். “நீங்க நாளைக்கு வீட்டாளுகளோட வந்துருங்கண்ணே.”

வேல்சாமி என்னையும் கூப்பிட்டார். போனேன். கோயில் திடலில் மண்குதிரைகள் வரிசையாக நின்றன. பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருளம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஆயுளில் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லையாம். நான் போய் வெளிப்பக்கமாக நின்றதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது, ஆனால் ஈரமாக இருந்தது. மணி சந்தனமும் மாலையுமாகப் பொன் போல மின்னித் தொங்கியது. தேய்த்திருந்தார்கள். பூசைக்குத் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புது வேட்டி கட்டிய வேல்சாமியின் கையில் கோலைக் கொடுத்தார்கள். அடித்தார்.

‘டங்’ என்று வந்து அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடி அடித்தார். அதே ‘டங்’. வேல்சாமி உள்ளங்கையை மணிமேல் வைத்தார், குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார், நிமிர்ந்து யோகேஸ்வரனைப் பார்த்தார். எனக்கும் புரிந்துவிட்டது. என் வேப்பமரத்தில் தொங்கிய மணி இது இல்லை.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “குரலு போச்சேப்பா” என்று ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். “கண்டவன் கையில குடுத்தா இப்படித்தேன்” என்றது இன்னொரு குரல். யோகேஸ்வரன் வேல்சாமியின் தோளில் கைபோட்டு எதையோ பேசினார், சிரித்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

“யாரும் அண்ணனை ஒண்ணும் சொல்லக் கூடாது. ஒடுக்கு எடுத்தா குரலு கொஞ்சம் மாறத்தேன் செய்யும். அண்ணன் வேணும்னா செஞ்சாரு?”

ஆகா, என்ன பெருந்தன்மை என்று ஊரே பார்த்தது. இருளம்மாள் என்னிடம், “மாறும்ல தாயி? ஒடுக்கு எடுத்தா மாறும்ல?” என்று கேட்டார்.

தோளில் கை போட்டுப் பேசியது என்ன என்று திரும்பி வரும்போது காரில் வேல்சாமி சொன்னார். “இது நம்ம மணி இல்லைங்க” என்று இவர் காதோடு சொல்லியிருக்கிறார். அதற்கு யோகேஸ்வரன் சிரித்துக்கொண்டே, “இத்தன நாளா மணி எங்கண்ணே இருந்துச்சு? உங்க கொட்டகையில. அங்கன இது மாதிரி எத்தன கெடக்கு? யோசிச்சுப் பேசுங்க” என்றிருக்கிறார்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணியைக் கடத்த எத்தனையோ வழி இருந்திருக்கும். ஆனால் குரல் மாறினால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்தை நம்பாதவர்கள் சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும். பீரங்கிக் கூட்டையே தொழிலாகச் செய்கிற, ஊரில் எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ‘அண்ணே’ என்றிருக்கிறார். சங்கிலி தானாக அறுந்ததா என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம். மனிதர்களில் இப்படியும் உண்டா என்று கேட்டுக் கேட்டு நான்தான் மாய்ந்தேன். வேல்சாமி வேலைக்கு நடுவே திடீரென்று நிறுத்தி, “அண்ணேன்னாரே தங்கச்சி” என்பார். விதைத்த பயிர் வளர்ந்து களையெடுப்பு தொடங்குகிற வரைக்கும் அப்படியே ஓடியது.

அப்புறம் ஒருநாள் காரைக்குடி வியாபாரி ஒருவரிடமிருந்து எனக்குப் படம் வந்தது. கப்பல் பீரங்கிக் கூடு, தேய்க்காதது, கருப்பு அப்படியே இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப ஆள் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். போனை வேல்சாமியிடம் நீட்டினேன். “படத்துல என்ன தெரியும், தட்டிப் பாக்கணும்” என்றார். அன்றைக்கே போனோம். இடித்த வீடுகளின் கதவும் தூணும் அடுக்கிய குடோனில், மூலையில் நின்றது அது. வேல்சாமி விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை ஆள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கொண்டுவந்து கொடுத்தது யார் என்று வியாபாரியைக் கேட்டேன். “உங்க பக்கத்து ஆளுதாம்மா, கார்ல வந்தாரு. பேரெல்லாம் கேக்காதீங்க. விக்கிறவன் பேரைச் சொன்னா அப்புறம் ஒருத்தனும் என் படியேற மாட்டான்” என்றார். என்ன விலைக்கு வாங்கினேன் என்பது எனக்கும் அல்லாவுக்கும் தெரிந்தால் போதும்.

வண்டியில் வரும்போது, நேராகப் போலீசுக்குப் போவோம் என்றேன்.

“கேஸுன்னு போனா மணி ஸ்டேஷன் மூலையில கெடந்து வீணாப் போகும். வித்தவன் பேரே தெரியாம என்னத்தச் சொல்ல? கொண்டுபோய்த் தொங்கவிட்ருவோம்.”

“உங்களத்தான் திருடன்னு சொல்லுவாங்க அண்ணே.”

“சொல்லுவாங்க.”

“தெரிஞ்சுமா?”

“மணி ஊரோடதுல்ல, தங்கச்சி. நீங்க அங்கன வந்து வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். என் ஆயுளில் நான் செய்த மோசமான காரியம் அந்தச் சத்தியம். வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஊர்ப் பேரை மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் யாருக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். வேல்சாமி போலி மணியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நிஜ மணியைத் தொங்கவிட்டார். கோலை எடுத்து அடித்தார். நான் காருக்குள் இருந்தேன். அந்தச் சத்தம் கண்மாயைத் தாண்டிப் போனது தெரிந்தது. வயலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கையில் சேற்றோடும் கருவேல முள் வெட்டிய அரிவாளோடும் ஓடி வந்தார்கள். “குரலு வந்துருச்சு, குரலு வந்துருச்சு” என்று ஒரு பெண் கையைத் தட்டினாள். குரல் போச்சே என்று அன்றைக்குச் சொன்ன அதே பெரியவர் மணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் வேல்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு யாரோ தரையில் கிடந்த போலியைப் பார்த்தார். “அப்ப இது என்ன? இத்தன நாளா அது எங்கன இருந்துச்சு?”

“கெடைச்சுச்சு. கொண்டாந்துட்டேன்” என்றார் வேல்சாமி.

“எங்கன கெடைச்சுச்சு?”

அவர்கள் பார்வை மெதுவாகத் திரும்பி, என் காருக்கு வந்து, என்மேல் நின்றது. கீழக்கரைப் பழைய சாமான்காரி. எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது, இவர் எடுத்து எனக்கு விற்றுவிட்டார் என்று. ஒருவர் மதுரைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். யோகேஸ்வரனின் குரல் அத்தனை தெளிவாக வந்தது.

“போலீசெல்லாம் வேண்டாம்ப்பா. திருப்பிக் கொண்டாந்துட்டாருல்ல? மன்னிச்சு விட்ருங்க. நம்ம ஊருப் பிள்ளைதேன.”

“தங்கமான மனுசன்” என்றார் பெரியவர். நான் துப்பட்டியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியத்தை மீறிக் கத்தியிருந்தால் இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவேன்.

அப்போதுதான் இருளம்மாள் வயலிலிருந்து வந்து சேர்ந்தார். வழியிலேயே சொல்லிவிட்டார்கள் போல. கூட்டம் விலகி வழிவிட்டது. மகன் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, “ஏன்ப்பா?” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் நான் அவரை வெளுத்து வாங்கினேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், பெற்ற தாயிடமாவது சொல்லியிருக்கலாமே, உங்களுக்கு வாய் இல்லையா என்று கத்தினேன்.

“சொன்னா அம்மா நேரா பெரியவீட்டு வாசல்ல போய் நின்னு மண்ண வாரித் தூத்தும்” என்றார். “அப்புறம் அது அங்கன யாரு வயல்ல வேலை பாக்கும்? யாரு அதுகூடப் பேசுவா? மகன் திருடன்னா ஊரு அது மேல பரிதாபப்படும் தங்கச்சி. பெரியவீட்டத் திருடன்னு சொன்னா ஒருநாள்கூட விட்டுவைக்க மாட்டாக.”

காரை ஓட்டிய பையன் ரேடியோவை அணைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. கொட்டகையில் வேல்சாமி ஒரு கூட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வாசல் கதவைத் திறந்தால் இருளம்மாள் நிற்கிறார். தனியாகப் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். உள்ளே வாங்கம்மா என்றால் வரவில்லை. வாசற்படியிலேயே முந்தானை முடிச்சை அவிழ்த்து, காதிலிருந்து கழற்றிய தோட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“தாயி, என் மகன் அறியாம கை நீட்டிட்டான். உனக்கும் அதுல நட்டம் வந்துருக்கும். இத வச்சுக்க. அவன வேலைய விட்டு மட்டும் நிறுத்திறாத. எனக்காக ஒருதரம் மன்னிச்சு விட்ரு.”

அல்லாவே, அந்தத் தோடு என் கையில் சுட்டது. கொட்டாப்புளிச் சத்தம் நின்றுவிட்டது. கொல்லைக் கதவோரம் வேல்சாமி நிற்பது தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதீர்கள் என்று தலையை மட்டும் அசைத்தார்.

தோட்டை அந்த அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தேன். “மன்னிச்சுட்டேன்மா” என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து கொல்லைக்குப் போய், மகன் முன்னால் நின்றார்.

“தங்கச்சி மன்னிச்சுருச்சுப்பா. இனிமேயாச்சும் ஒழுங்கா இரு.”

வேல்சாமி தலையைத் தூக்கவில்லை.

“சரிம்மா” என்றார்.